பெங்களூரில் லேப்டாப் வேலைக்குக் காபிக் கடை: சாண் போட்டு அளந்து தேர்ந்தெடுத்த விவரம்

இந்த வாரம் முழுக்கக் காலை வேலையை வீட்டுக்கு வெளியே பார்த்து முடித்தேன். ஒரு மீட்டிங்கும் பாதியில் அறுந்து போகவில்லை. பேட்டரி தீர்ந்து எழுந்து ஓடவில்லை. கழுத்து வலியும் வரவில்லை. இந்த நிலைக்கு வர ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது. அதனால் செய்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். கடைப் பெயர்களைப் பட்டியல் போடவில்லை. பெங்களூரில் கடைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. இன்றைக்கு பிளக் பாயிண்ட் இருக்கிற மூலையில் அடுத்த மாதம் கேக் வைக்கும் கண்ணாடிப் பெட்டி நிற்கும். எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன் என்று சொன்னால் ஊரில் எந்தப் பக்கம் இருப்பவருக்கும் உதவும்.

எங்கள் வீடு அல்சூர் ஏரியிலிருந்து கொஞ்சம் தள்ளி, மர்ஃபி டவுன் ஓரத்தில். பக்கத்து முப்பதுக்கு நாற்பது அடி சைட்டில் இருந்த பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு நாலு மாடி எழுப்புகிறார்கள். காலை எட்டரைக்குக் கான்கிரீட் மிக்சர் ஆரம்பிக்கும், அது ஓய்ந்ததும் கம்பி வெட்டும் கட்டர். நான் ஒரு சென்னை மென்பொருள் நிறுவனத்துக்குப் பயனர் கையேடு எழுதுகிறேன். அலுவலகம் போகிற வேலை இல்லை. ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மீட்டிங், மீதி எல்லாம் எழுத்து, சோதித்துப் பார்ப்பது, மெயில். கட்டடம் முடிய எப்படியும் ஒரு வருஷம் ஆகும் என்று மேஸ்திரியே சொல்லிவிட்டார். எனவே வெளியே ஒரு மேசை வேண்டும்.

முதல் வேலையாக மேப்பில் "லேப்டாப்", "வைஃபை", "வேலை செய்ய ஏற்றது" என்றெல்லாம் தேடி, நட்சத்திரம் அதிகமுள்ள கடைகளாகப் பார்த்துப் போனேன். அது சரிவரவில்லை. அந்த நட்சத்திரங்கள் காபிக்கும் கேக்குக்கும் சுவரில் இருக்கும் ஓவியத்துக்கும் கொடுத்தவை. "வேலை செய்ய அருமையான இடம்" என்று எழுதியவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாரா, நாலு மணி நேரமா, எந்தக் கிழமை, எந்த நேரம் என்று தெரியாது. அப்புறம் தேடும் முறையை மாற்றினேன். கருத்துகளைப் புதியது முதல் என்று வரிசைப்படுத்தி, அதற்குள் "சார்ஜிங்", "பிளக்" என்ற சொற்களைத் தேடுவது. கடைக்காரர் போட்ட படங்களை விட்டுவிட்டு வாடிக்கையாளர் எடுத்த படங்களைப் பெரிதாக்கிச் சுவரின் அடிப்பகுதியைப் பார்ப்பது. சுவிட்ச் பாக்ஸ் எங்கே இருக்கிறது, மேசைக்கு எதிரில் நாற்காலியா சோபாவா என்று அந்தப் படங்களிலேயே தெரிந்துவிடும். இதிலேயே பாதிக் கடைகள் கழிந்துவிட்டன.

நேரில் போக ஆரம்பித்தபோது பையில் இருந்தவை: தையல் டேப், சின்ன நோட்டு, போனில் சத்தம் அளக்கும் ஒரு ஆப், வேகம் பார்க்கும் தளம், லேப்டாப்போடு வந்த கனமான சார்ஜர். இந்தப் பையில் இருந்ததில் சார்ஜரும் டேப்பும் இன்றைக்கு இல்லை. அது எப்படி ஆனது என்பதுதான் இந்தப் பதிவின் பெரும்பகுதி.

பிளக் பாயிண்டிலிருந்து தொடங்குகிறேன், நானும் அங்கேதான் தொடங்கினேன். கடையில் பிளக் பாயிண்ட் இருக்கிறது என்பதற்கு மூன்று பொருள் உண்டு. ஒன்று, நிஜமாகவே வேலை செய்வது. இரண்டு, தொளதொளவென்று இருப்பது. எல்லா நாட்டுப் பின்னும் நுழையட்டும் என்று வைக்கும் பொதுவான சாக்கெட்டுகளில் நம் மூன்று பின் சார்ஜர் இறுகி நிற்பதில்லை. அடாப்டர் நேராகச் சுவரில் தொங்கும் வகையாக இருந்தால் அதன் கனத்திலேயே சரிந்து வரும். லேப்டாப்பில் சார்ஜ் ஏறுகிறது என்று நம்பி வேலையில் மூழ்கியிருப்போம், அரை மணி கழித்துத்தான் தெரியும். மூன்றாவது வகை, பார்க்க நன்றாக இருக்கும், கரண்ட் வராது. இதன் காரணத்தை இந்திரா நகரில் ஒரு கடையில் வேலை பார்க்கும் தம்பி சொன்னார். கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பையன். நான் நோட்டில் தமிழில் எழுதுவதைப் பார்த்துவிட்டுத் தானாக வந்து பேசினார்.

"அக்கா, அந்த பிளக்கு போர்டு லைட்டோட சேர்ந்ததுக்கா. சாயங்காலம் ஆறு மணிக்கு மேலதான் அந்த லைனையே போடுவோம். நீங்க இந்தத் தூண் பக்கம் வந்துடுங்க."

பல கடைகளில் இதுதான் நிலைமை. சாக்கெட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. பழைய வீட்டைக் கடையாக மாற்றும்போது விளக்குக்கு இழுத்த லைனிலேயே சாக்கெட்டையும் கோத்துவிடுகிறார்கள். உட்காரும் முன் கேட்டுவிட்டால் போதும்.

இரண்டு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கார்டு கொண்டுபோய்ப் பார்த்தேன். தொளதொள சாக்கெட் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் நடைபாதையில் ஒயர் கிடக்கிறது, தட்டோடு வருகிறவர் தடுக்கினால் என்ன ஆவது? சுவரோர மேசையைத் தவிர வேறெங்கும் அதைப் பயன்படுத்தக் கூடாது. கடைக்காரர்களுக்கும் அது பிடிப்பதில்லை, பிடிக்காததில் நியாயம் இருக்கிறது.

அப்போதுதான் லேப்டாப்பின் பேட்டரியைக் கணக்குப் பார்த்தேன். விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுக்க ஒரு கட்டளை இருக்கிறது. வாங்கியபோது எவ்வளவு கொள்ளளவு, இப்போது முழுச் சார்ஜில் எவ்வளவு நிற்கிறது என்று இரண்டையும் காட்டும். என்னுடையது 53 வாட்-மணியில் தொடங்கி 39க்கு இறங்கியிருந்தது. எழுதும்போது சராசரியாக 12 வாட் இழுக்கிறது, அப்படியென்றால் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். வீடியோ மீட்டிங்கில் 20 வாட்டுக்கு மேல் போகிறது, இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு எனக்கு வேண்டியது பவர் பேங்க் என்று தெளிவாகிவிட்டது.

மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடுக்கு லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு போனேன். இது முக்கியம். பெட்டியில் 20,000 எம்ஏஎச் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும், அதை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. எத்தனை வாட் வெளியே தரும் என்பதுதான் லேப்டாப்புக்குக் கணக்கு. 22.5 வாட் என்று போட்டவை போனுக்கானவை. அவற்றை லேப்டாப்பில் சொருகினால் சார்ஜ் ஏறவே ஏறாது, அல்லது ஏறுவதைவிட இறங்குவது வேகமாக இருக்கும். யூஎஸ்பி-சி வழியாக 65 வாட் தரும் ஒன்றைக் கடையிலேயே சொருகி, சார்ஜ் ஏறும் குறி வருகிறதா என்று ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு வாங்கினேன். 4,200 ரூபாய். கணக்கு இப்படி: 20,000 எம்ஏஎச்சை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட்-மணி. மாற்றத்தில் போகும் நஷ்டம் கழித்து 60 போல லேப்டாப்புக்கு வந்து சேர்கிறது. லேப்டாப்பில் இருக்கும் 39ஐயும் கூட்டினால் எழுத்தும் மீட்டிங்குமாகக் கலந்து ஆறு மணி நேரத்துக்கு மேல் தாராளமாக ஓடுகிறது. அன்றோடு சார்ஜர் பையை விட்டுப் போனது, பிளக் பாயிண்ட் என்ற நிபந்தனை பட்டியலிலிருந்தே போனது. தேர்ந்தெடுக்கக் கூடிய மேசைகள் சட்டென்று பெருகின.

அடுத்தது இணையம். இதில் வேகத்தைப் பார்த்துப் பயனில்லை என்பதைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச நாள் ஆனது. ஜூம் சொல்லும் கணக்கின்படி 720பி தரத்தில் குழு வீடியோவுக்கு மேலே போக 2.6 எம்பிபிஎஸ், கீழே வர 1.8 எம்பிபிஎஸ் இருந்தால் போதும். எந்தக் காபிக் கடையிலும் காலை ஒன்பதரைக்கு இதைப்போல இருபது மடங்கு காட்டும். பன்னிரண்டரைக்கு அதே கடையில் ஒவ்வொரு மேசையிலும் இரண்டு போன் சேர்ந்திருக்கும், அப்போது பார்த்தால் எண் நன்றாக இருந்தாலும் பேச்சு வெட்டி வெட்டிப் போகும். வேகச் சோதனை அரை நிமிடத்தில் முடிந்துவிடுவதால் இது அதில் தெரிவதில்லை. நான் செய்தது: இணையத்துக்குத் தொடர்ந்து சின்னச் செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, எத்தனை பதில் வராமல் போயிற்று, நேரம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று பார்ப்பது. நூற்றுக்கு இரண்டு மூன்று தொலைந்தாலே மீட்டிங்குக்கு ஆகாது. மெயிலுக்கு அது போதும்.

போன் எண் கொடுத்து ஓடிபி போட்டு நுழையும் வைஃபை இன்னொரு தொல்லை. ஒரு கடையில் முக்கால் மணிக்கு ஒருமுறை தானாக வெளியே தள்ளிவிடும். வாராந்திர மீட்டிங்கில் நான் திரையைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தபோது அப்படி ஆனது. திரும்ப ஓடிபி வாங்கி உள்ளே போவதற்குள் அவர்கள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். அப்புறம் புதிதாக ஒரு கடைக்குப் போனால் கவுண்டரில் இரண்டு கேள்வி கேட்கிறேன்: எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை ஓடிபி கேட்கும்? கரண்ட் போனால் வைஃபையும் போகுமா? இரண்டாவது கேள்விக்குக் காரணம் உண்டு. கரண்ட் போனால் ஜெனரேட்டர் சில நொடிகளில் வந்துவிடும், ஆனால் ரூட்டருக்குத் தனி யூபிஎஸ் இல்லையென்றால் அது அணைந்து மறுபடி எழுந்து வர இரண்டு மூன்று நிமிடம் ஆகும். மழை பிடித்தால் பெங்களூரில் கரண்ட் போவது சாதாரணம்.

கடைசியில் இணையத்தையும் நானே கொண்டுபோகிறேன். போனில் இரண்டு சிம், இரண்டும் வேறு வேறு நிறுவனம். ஒன்று படுத்தால் மற்றது. ஹாட்ஸ்பாட்டை வைஃபையாக விடாமல் யூஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்துவிட்டால் இணைப்பு ஒரே சீராக இருக்கிறது. கடைத் தெருவில் வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை முழுக்க நெரிசல். ஒன்றின்மேல் ஒன்று ஏறாத சேனல் அதில் மூன்றுதான், அந்த மூன்றில் தெருவிலுள்ள அத்தனை ரூட்டரும் அடைந்துகிடக்கும். கேபிள் இல்லாத நாளில் ஹாட்ஸ்பாட்டை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிக்கொள்கிறேன். என் போன் காட்டும் கணக்கில் ஒரு மணி நேரக் குழு வீடியோவுக்கு ஒரு ஜிபி போல ஆகிறது. தினம் 2 ஜிபி தரும் பிளானில் அது தாங்கும். கேமராவை அணைத்துவிட்டால் இன்னும் குறையும். அலுவலக நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழைய வைத்திருக்கும் விபிஎன் சில கடை வைஃபையில் ஏறுவதே இல்லை, அந்தப் பிரச்சினையும் இதில் தீர்ந்தது. ஒன்றே ஒன்று: தரைக்குக் கீழே இருக்கும் கடைகளும் நடுக்கட்டு மேசைகளும் சரிப்படாது. ஜன்னலோரம் வேண்டும்.

மின்சாரமும் இணையமும் பைக்குள் வந்த பிறகு, கடையிடம் நான் கேட்பது மூன்றே விஷயமாகச் சுருங்கிவிட்டது. மேசையும் நாற்காலியும் சேர்ந்த உயரம், சத்தம், அங்கே இருப்பவர்களின் மனசு. இந்த மூன்றையும் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆகவே கடை தேடுவது என்றால் இந்த மூன்றைத் தேடுவதுதான். இது முதலிலேயே தெரிந்திருந்தால் வைஃபை நன்றாக இருக்கிறது என்பதற்காக மட்டும் போன அத்தனை கடைகளுக்கும் போயிருக்க வேண்டியதில்லை.

உயரத்தை டேப்பில் அளந்தேன். சாதாரண மேசை 75 செ.மீ. போல, நாற்காலி உட்காருமிடம் 45 செ.மீ. போல. இரண்டுக்கும் இடைவெளி 27 முதல் 30 வரை இருந்தால் என் முழங்கை இயல்பாக மேசை மட்டத்துக்கு வருகிறது. 32க்கு மேல் போனால் தோள் தூக்கிக்கொள்ளும், ஒரு மணி நேரத்தில் கழுத்தின் பின்பக்கம் இறுகிவிடும். சோபா போட்ட இடங்களில் கதை தலைகீழ். சோபா 40, எதிரில் இருக்கும் காபி டேபிள் 45. மடியில் வைத்தாலும் குனிய வேண்டும், மேசையில் வைத்தாலும் குனிய வேண்டும். உயரமான கவுண்டரும் ஸ்டூலும் கைக்குச் சரியாக இருக்கும், முதுகுக்கும் காலுக்கும் பிடிமானம் இல்லாததால் மெயில் பார்க்கும் அரை மணி நேரத்துக்குத்தான் ஆகும்.

கடையில் டேப்பை எடுத்தால் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். எனக்கு ஒரு சாண் 19 செ.மீ. உட்காருமிடத்திலிருந்து மேசை வரை ஒன்றரைச் சாண் இருந்தால் சரி, இரண்டு சாணை நெருங்கினால் வேண்டாம். டேப்பை வீட்டில் வைத்துவிட்டேன். நீங்களும் உங்கள் சாணை ஒருமுறை அளந்து வைத்துக்கொள்ளுங்கள், பெரிய உதவி.

மேசை சரியாக இருந்தாலும் லேப்டாப் திரை தாழ்ந்துதான் இருக்கும். மடிக்கும் அலுமினிய ஸ்டாண்ட் 750 ரூபாய்க்கு எஸ்.பி. ரோடிலேயே கிடைத்தது. அது திரையை 15 செ.மீ. போலத் தூக்கித் தருகிறது. ஆனால் ஸ்டாண்டை வைத்தால் லேப்டாப்பின் விசைப்பலகை கைக்கு எட்டாத கோணத்துக்குப் போய்விடும், தனி விசைப்பலகை வாங்கியே ஆக வேண்டும். 1,300 ரூபாயில் தட்டையான, சத்தம் குறைந்த வகை. டக்டக்கென்று அடிக்கும் வகை எழுத எவ்வளவு சுகமாக இருந்தாலும் பக்கத்து மேசைக்காரருக்கு அது தண்டனை. ஸ்டாண்டும் விசைப்பலகையும் சேர்ந்து எழுத்துக்குத் தந்த நிம்மதியை வேறெந்தச் செலவும் தரவில்லை.

சத்தம் அளக்கும் ஆப் துல்லியமானது இல்லை, ஒரு கடையை இன்னொரு கடையோடு ஒப்பிட மட்டும் உதவும். பக்கத்து சைட் கட்டர் ஓடும்போது எங்கள் ஹாலில் 85 டெசிபல் காட்டியது. காலை ஒன்பதரைக்கு ஒரு நல்ல கடை 60ஐ ஒட்டி இருக்கும். பகல் ஒரு மணிக்கு அதே கடை 75ஐத் தாண்டும். காபி அரைக்கும் கிரைண்டர் பத்துப் பதினைந்து நொடி ஓடி நின்றுவிடும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். குளிர்ந்த பானங்களுக்கு ஐஸ் உடைக்கும் பிளெண்டர்தான் நீளமாகக் கத்தும், மைக்கில் அதுதான் முதலில் விழும். எனவே கவுண்டரில் பிளெண்டர் எந்த மூலையில் இருக்கிறது என்று பார்த்து எதிர் மூலையில் உட்காருகிறேன். கட்டட அமைப்பும் முக்கியம். இப்போது இந்திரா நகர், கோரமங்களா பக்கமெல்லாம் பூசாத சிமென்ட் தரை, கண்ணாடிச் சுவர், மேலே குழாய்கள் தெரியும் கூரை என்று கட்டுகிறார்கள். பார்க்க அழகு, ஆனால் நாலு பேர் பேசினால் நாற்பது பேர் பேசுவதுபோல எதிரொலிக்கிறது. திரைச்சீலை, மெத்தை நாற்காலி, புத்தக அலமாரி இருக்கிற கடை எவ்வளவு சின்னதானாலும் காதுக்கு இதம்.

தோட்டம் வைத்த பழைய பங்களாக் கடைகளில் எனக்கு ஆசை அதிகம் இருந்தது. மரத்தடி, காற்று, சத்தமும் குறைவு. ஆனால் பத்தரைக்கு மேல் இலை இடுக்கு வழியாக வெயில் திரையில் விழுந்து எழுத்தே தெரியாது, ஐந்து மணிக்குக் கொசு, நடுவில் எப்போது வேண்டுமானாலும் மழை. அங்கே வேலையை எடுத்துக்கொண்டு போவதை விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டாரோடு போகிறேன்.

வட்டாரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோரமங்களாவில் லேப்டாப்போடு உட்காருவது யாருக்கும் புதிதில்லை, பிளக் பாயிண்டும் தாராளம். பத்தரைக்கெல்லாம் மேசைகள் நிறைந்துவிடும், சுற்றிலும் எல்லாரும் மீட்டிங்கில் இருப்பார்கள். இந்திரா நகர் நூறடி ரோட்டைவிட அதன் கிளைத் தெருக்களின் முதல் மாடிக் கடைகள் அமைதி. சர்ச் ஸ்ட்ரீட் நடப்பதற்கும் புத்தகக் கடைகளுக்கும். எம்.ஜி. ரோடிலிருந்து 2009ல் அங்கே மாறி வந்த இந்தியா காபி ஹவுஸில் லேப்டாப்பைத் திறக்க எனக்கு மனசு வராது, அது உட்கார்ந்து பேசுவதற்கான இடம். ஜெயநகர், மல்லேஸ்வரம் பக்கத்தில் தர்ஷினி என்று சொல்லும் சின்ன உணவகங்களில் காபி ஊரிலேயே நல்ல காபி, ஆனால் நின்றுகொண்டே குடித்துவிட்டு நகர வேண்டியதுதான். சும்மா அமைதி வேண்டும், அச்செடுத்த தாளில் பிழை திருத்தினால் போதும் என்றால் கப்பன் பார்க்கின் சிவப்புக் கட்டடமான மாநில மத்திய நூலகம் இருக்கிறது. பேச முடியாது, காபி இல்லை, செலவும் இல்லை.

இதிலெல்லாம் பெரிய வடிகட்டி தூரம். வீட்டிலிருந்து அரை மணிக்கு மேல் ஆகிற கடை எவ்வளவு நல்ல கடையானாலும் இரண்டாவது வாரம் பட்டியலில் நிற்பதில்லை. எனக்கு அல்சூர் மெட்ரோ ஸ்டேஷனில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் இந்திரா நகர், 10 ரூபாய். அதோடு கோரமங்களாவும் ஜெயநகரும் கழிந்தன.

மூன்றாவது விஷயம் மனசு. 1996ல் பிரிகேட் ரோட்டில் முதல் கஃபே காபி டே திறந்தபோது அது இணைய மையமும்கூட, காபியோடு இணைய நேரத்தையும் விற்றார்கள். நேரத்துக்கு வெளிப்படையாக விலை இருந்தது. இப்போது மெனுவில் காபிக்கு மட்டுமே விலை, நாம் வாங்குவதோ பெரும்பாலும் மேசையை. அந்த வாடகையை நாமாகக் கணக்குப் போட்டுக் கொடுப்பதுதான் மரியாதை என்று நினைக்கிறேன். என் மேசையில் மதியம் இரண்டு பேர் உட்கார்ந்து சாப்பிட்டால் கடைக்கு ஒரு மணி நேரத்தில் ஆயிரம் ரூபாய்க்குப் பக்கம் வரும். எனவே ஒன்றரை மணிக்கு ஒருமுறை ஏதாவது வாங்குவது, நாலு பேர் மேசையில் தனியாக உட்காராமல் இருப்பது, மதியக் கூட்டத்துக்கு முன்னால் எழுந்துவிடுவது, சனி ஞாயிறு போகாமல் இருப்பது என்று வைத்துக்கொண்டேன். சில கடைகள் வாரக்கடைசியில் லேப்டாப் வேண்டாம் என்று எழுதியே ஒட்டியிருக்கின்றன. அந்தக் கடைகள் வாரநாளில் நம்மை மனசோடு வரவேற்பவை என்பது என் அனுபவம். முதல் நாளே கேட்டுவிடுவது எல்லாவற்றையும் எளிதாக்குகிறது.

"தம்பி, இந்த மூலையில எத்தனை மணி வரைக்கும் உக்காரலாம்? கூட்டம் வந்தா தயங்காம சொல்லுங்க, எழுந்துடறேன்."

"வாரநாள்ல பன்னெண்டரை வரைக்கும் ஒண்ணும் பிரச்சினை இல்லக்கா. வெள்ளிக்கிழமை மட்டும் பன்னெண்டுக்கே லஞ்ச் புக்கிங் வந்துடும். பாத்ரூம் போனா சொல்லிட்டுப் போங்க, நான் பார்த்துக்கறேன்."

அந்தக் கடைசி வரி தனியாக உட்கார்ந்து வேலை செய்கிற யாருக்கும் பெரிய விஷயம். பார்த்துக்கொள்ள ஆள் இருந்தாலும் லேப்டாப்பையும் போனையும் கையோடு எடுத்துப் போகிறேன், நோட்டும் தண்ணீர் பாட்டிலும் மேசையில் இருக்கும். பாத்ரூம் கடைக்குள்ளேயே இருக்கிறதா, சாவி வாங்கிக்கொண்டு காம்ப்ளெக்ஸின் பின்பக்கம் போக வேண்டுமா என்பதைப் பெண்கள் முதல் நாளே பார்த்துவிட வேண்டும். இரண்டாவது வகையாக இருந்த ஒரு நல்ல கடையை நான் விட்டுவிட்டேன். வெளிவராத மென்பொருளைப் பற்றி எழுதுவதால் முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கும் மேசையாகவும் பார்க்கிறேன்.

இவ்வளவுக்கும் பிறகு எழுத்துக்கு இடம் கிடைத்துவிட்டது. மீட்டிங் மட்டும் நிற்காமல் தொந்தரவு செய்தது. சத்தமில்லாத கடையில் நான் பேசினால் அங்கே நான்தான் சத்தம். சத்தமான கடையில் மீட்டிங்கின் எதிர்முனையில் இருப்பவருக்கு என் பேச்சு கேட்காது. இதற்கு விடை கடையில் இல்லை, பக்கத்து சைட்டில் இருந்தது. அங்கே ஒன்றிலிருந்து இரண்டு வரை சாப்பாட்டு நேரம். மிக்சர், கட்டர் எல்லாம் நிற்கும், வேலையாட்கள் நிழலில் படுத்துவிடுவார்கள். சென்னைக் குழுவிடம் சொல்லி என் மீட்டிங்குகளை ஒன்றேகாலுக்கு நகர்த்தச் சொன்னேன், அவர்களுக்கும் அது ஒத்துவந்தது. இப்போது காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டேகால் வரை இந்திரா நகர் முதல் மாடிக் கடையில் எழுத்து. ஒரு மணிக்குள் வீடு. மீட்டிங் வீட்டு மேசையில். இரண்டரைக்கு மேல் மெயிலும் சில்லறை வேலையும், ஹெட்போன் போட்டுக்கொண்டு வீட்டிலேயோ, நடந்து போகும் தூரத்தில் ஒரு பேக்கரியின் ஸ்டூலிலோ.

செலவு: பவர் பேங்க் 4,200, ஸ்டாண்ட் 750, விசைப்பலகை 1,300, கேபிள் 450, ஆக 6,700 ரூபாய் ஒருமுறைச் செலவு. ஒரு காலைக்கு காபி 230, சாண்ட்விச் 190, ஜிஎஸ்டி 5 சதவீதம் 21, போகவர மெட்ரோ 20, மொத்தம் 461. வாரத்துக்கு நாலு நாள் என்றால் மாதத்துக்கு 7,400க்குக் கொஞ்சம் குறைவு. பில்லில் சர்வீஸ் சார்ஜ் சேர்த்திருந்தால் எடுத்துவிடச் சொல்லலாம். அது கட்டாயம் இல்லை என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022ல் விதி வகுத்தது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. நான் அந்தப் பணத்தைப் பரிமாறுகிறவர் கையில் நேராகக் கொடுத்துவிடுகிறேன். நான் விசாரித்த, வேலை செய்ய மேசையை வாடகைக்குத் தரும் கோ-வொர்க்கிங் இடங்களில் மாதத்துக்கு 8,000க்கு மேல் கேட்டார்கள். முழு நாளும் வெளியே உட்கார வேண்டியவருக்கு அதுவே லாபம், அங்கே நாற்காலியும் நன்றாக இருக்கும். என்னைப்போலக் காலை மட்டும் என்றால் காபிக் கடை.

மறுபடி முதலிலிருந்து செய்வதானால் வரிசையை மாற்றுவேன். முதலில் ஒரு நாள் முழுக்க வீட்டுச் சத்தத்தை மணிவாரியாகக் குறித்து வைப்பேன், ஒரு மணி இடைவெளி அப்போதே தெரிந்திருக்கும். அடுத்து விசைப்பலகையும் ஸ்டாண்டும், அப்புறம் பவர் பேங்க், கடைசியில்தான் கடை. கடைக்கும் நான் வேலை செய்யப்போகும் அதே நேரத்தில், அதே கிழமையில் போவேன். கேபிள் ஒரு மீட்டர் வாங்கினேன், பவர் பேங்க் பைக்குள் இருக்க அது எட்டவில்லை, மேசை மேல் வைத்தால் தட்டுக்கு இடமில்லை. அடுத்தது இரண்டு மீட்டர், 100 வாட் தாங்குகிற வகை. எஸ்.பி. ரோடில் 600 ரூபாய் சொல்கிறார்கள், லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய்ச் சொருகிப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும்.